ஈறு நிறத் தகடு

என் தங்கை பல் மருத்துவர். பல்லைப் பிடுங்குவதில் அவளுக்கு எக்காலத்திலும் விருப்பம் இருந்ததில்லை. நெல்லித்தோப்பில், ஒரு முன்னறையும் ஒரு நாற்காலியுமாக அவள் நடத்திய கிளினிக்குக்கு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பிடுங்கிவிடும்படி கெஞ்சுவார்கள். அவள் விளக்கைத் திருப்பி, சிறு கண்ணாடியை வாய்க்குள் செலுத்தி, வெகுநேரம் பார்ப்பாள். பிறகு முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சொல்வாள்: "எடுக்கறது எப்ப வேணா எடுக்கலாம். இப்ப இருக்கட்டும்."

மூடிப்போன பஞ்சாலையில் வேலை பார்த்திருந்த முதியவர் ஒருவருக்கும் அவளுக்கும் நடந்த வாக்குவாதத்தை நானே கேட்டிருக்கிறேன்.

"ஆடுதும்மா. ஒரு வாய் சோறு மெல்ல முடியல. புடுங்கி எறிஞ்சுடு."

"ஆடுது. விழலியே?"

"அது விழற வரைக்கும் நான் இருக்கணுமே!"

"இருப்பீங்க. பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டி வுடறேன்."

"ஊர்ல அவனவன் டக்கு டக்குன்னு புடுங்கி அனுப்பறான். நீ மட்டும் இன்னாம்மா, பல்லுக்குப் பூஜ பண்ணிக்கினு இருக்க?"

அவர் அந்தப் பல்லுடன்தான் காலமானார் என்று அவருடைய மகன் பின்னாளில் வந்து சொல்லிவிட்டுப் போனான். பாராட்டாகச் சொன்னானா, குறையாகச் சொன்னானா என்பது எனக்கு விளங்கவில்லை. அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

இதை அவளைப் புகழ்வதற்காக எழுதவில்லை. அவள் போன பிறகு, அவள் இங்கே இருந்தாள் என்பதற்கு ஓர் அடையாளத்தைத் தேடினேன். துணிமணிகளையும் புகைப்படங்களையும் சொல்லவில்லை. அவை எல்லோரும் விட்டுச் செல்பவை. அவள் கை பட்டதால் மாறிப்போன ஒரு பொருளைத் தேடினேன். அப்படி ஒன்று அகப்படவில்லை. அதற்குக் காரணமும் அவளேதான்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் அவளுடையது, மாடி என்னுடையது. என் மனைவி இறந்த பிறகு சாப்பாடு மட்டும் கீழே என்றாயிற்று. கீழ்த்தளச் சுவர்களில் ஓர் ஆணிகூடக் கிடையாது. கடிகாரம் அலமாரியின் மேல் சாய்ந்து நின்றது. அம்மா அப்பாவின் படம் கூடத்து நாற்காலியொன்றில் அமர்ந்திருந்தது. விருந்தினர் கூடுதலாக வந்துவிட்டால் ஒருவர் அந்தப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். "சுவத்துல ஒரு ஆணி அடிச்சா என்ன?" என்று கேட்டால், "அடிச்சப்புறம் அந்த எடம் புடிக்கலன்னா?" என்பாள். சிறுமியாக இருந்தபோது மூக்குக் குத்த ஆசாரியை வரவழைத்திருந்தார்கள். அவள் குளியலறையில் தாழிட்டுக்கொண்டு, அவர் புறப்பட்டுப் போன பிறகே வெளியே வந்தாள்.

திருமணப் பேச்சும் அவ்வாறே நடந்தது. எந்த வரனையும் அவள் மறுத்தது கிடையாது. சம்மதமும் சொல்ல மாட்டாள். அம்மா அழுத ஒரு நாளில், "நான் எப்பம்மா வேணாம்னு சொன்னேன்?" என்று உண்மையான வியப்புடன் கேட்டாள். கடலூரிலிருந்து ஒரு குடும்பம் பொறுமையாகக் காத்திருந்தது. மாப்பிள்ளையும் பல் மருத்துவர். கடைசியில் அவர் வேறொருவரை மணந்துகொண்டு, மரியாதைக்கு எங்களுக்கும் பத்திரிகை அனுப்பினார். அவள் போய் வாழ்த்திவிட்டு வந்தாள். "நல்ல மனுஷன். ஆனா சாப்பாட்டுப் பந்தியில பாத்தேன், ரெண்டு கடவாய்ப்பல்லு இல்ல. அவசரப்பட்டு எடுத்துட்டாங்க" என்றாள்.

அவளுக்கு ஒரு கிட்டார் இருந்தது. சென்னையில் படித்த காலத்தில் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய மின்கிட்டார். உள்ளே கூடு இல்லாத, முழு மரக்கட்டையாலான கனத்த உடல், கருஞ்சிவப்பு வண்ணம். சனிக்கிழமை மாலைகளில் முத்தியால்பேட்டையில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவரின் மாடியறைக்குப் போய் வாசிப்பாள். அவருடைய தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். அந்த வீட்டு வழக்கப்படி என்னை நண்பர், பிரெஞ்சில் ஐயா என்பதற்கு, 'முசே' என்றே அழைப்பார். அவர்களுடைய குழு பெரிய மேடைகளில் ஏறியதில்லை. உறவினர் வீட்டு வரவேற்புகள், மாதா கோவில் திருவிழாவின் ஒரு மாலை, அவ்வளவே.

எனக்கு இசை தெரியாது. கல்லூரியில் தத்துவம் கற்பித்தவன். ஆயினும் அவள் வாசிப்பை மாடியிலிருந்தே அடையாளம் கண்டுகொள்வேன். ஓர் இசைத் தொடரை முடிக்கும் இடத்தில் இடக்கையின் மோதிர விரலால் தந்தியை அழுத்தி, அந்த விரலை அசைத்து, கடைசிச் சுரத்தை ஆடவிடுவாள். அது உடனே ஓய்ந்துவிடாது. மேலெழுந்து, இறங்கி, மறுபடி எழுந்து, நெடுநேரம் அந்தரத்தில் நிற்கும். பேச்சில் எதையும் முடிவாகச் சொல்லாதவள் ஒரு சுரத்தை அவ்வளவு உறுதியாகப் பிடித்து நிற்பது எனக்கு விந்தையாக இருக்கும்.

அந்த மோதிர விரலின் நகத்தடியில்தான் கருங்கோடு ஒன்று தோன்றியது. தந்தி அழுத்தியதால் ரத்தம் கட்டியிருக்கும் என்று எண்ணினாள். நாள் முழுவதும் கையுறை அணியும் தொழில். நகத்தை யாரும் பார்க்கவில்லை, அவளும் அதிகம் பார்க்கவில்லை. கோரிமேட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதித்தபோது அது தோல் புற்றுநோயின் ஒரு வகை என்று தெரிந்தது. விரலை நடு மூட்டோடு எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை மருத்துவர்.

அவள் "இருக்கட்டும்" என்று சொல்வாள் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. அதற்கு எதிராக எடுத்துரைக்க வேண்டிய வாதங்களை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவற்றுக்குத் தேவை ஏற்படவில்லை.

"நாளைக்கே முடியுமா?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளே பேசினாள். "என்ன பாக்கற? அழுகினத எடுக்காம வுட்டா பக்கத்துல இருக்கறதும் போயிடும். அது எனக்குத் தெரியாதாண்ணா? நான் புடுங்க மாட்டேன்னு சொன்னதெல்லாம் காப்பாத்தக்கூடிய பல்ல."

விரல் போயிற்று. புண் ஆறியது. பல் மருத்துவத்துக்கு அந்த விரல் அத்தனை இன்றியமையாததன்று, கிளினிக்கைத் திறந்தாள். நோயாளிகள் முதலில் கையைப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். குழந்தை ஒன்று, "ஆண்ட்டி, ஒங்க வெரல யாரு புடுங்குனா?" என்று கேட்டதற்கு, "ஒரு டாக்டர்தான். அவரு என்ன மாதிரி இல்ல, டக்குனு புடுங்கிட்டாரு" என்று பதில் சொன்னாளாம்.

ஒரு நண்பகல், கிளினிக் இடைவேளையில், கீழே கிட்டார் ஒலித்தது. தொடர் வந்தது. கடைசிச் சுரமும் வந்தது. வந்த இடத்திலேயே அது நின்றுபோயிற்று. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. நான் இறங்கிப் போனேன்.

"சத்தம் வருதுண்ணா. ஆட மாட்டேங்குது" என்றாள்.

"சுண்டுவிரலால் முடியாதா?"

"அதுக்குப் பலம் இல்ல. இத்தன நாள் சும்மாவே ஒக்காந்திருந்த புள்ள. திடீர்னு வேல குடுத்தா என்ன பண்ணும்?"

சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். அந்த வாரம்தான் அக்குளில் ஒரு கட்டி தென்பட்டிருந்தது. அதன் பொருள் அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் சோறு பரிமாறிக்கொண்டு, அன்றைய மீனைப் பற்றிப் பேசினோம்.

டிரம்ஸ் நண்பருடைய மகளின் திருமணம் தை மாதத்தில் நடப்பதாக இருந்தது. வரவேற்பில் அவள் மெதுவான மெட்டு ஒன்றை வாசிக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்த வாக்கு. மெட்டு அவளே கட்டியது. அது முடிவதே அந்த ஆடும் சுரத்தில்தான். தை மாதம் வரை இருப்பேனா என்று அவள் கேட்கவில்லை. தை மாதத்தில் அந்தச் சுரம் ஆடுமா என்பதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வழி சொன்னவர் அந்த நண்பர்தான். "வெரல்தான் ஆட்டணும்னு யாரு டாக்டர் சொன்னது? கிட்டாரு வால்ல கைப்பிடி வச்சி ஆட்டலாமே!"

பாரிசில் இருந்த தம் தம்பியிடம் சொல்லி அதை வரவழைத்தும் விட்டார். பெட்டியைத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். சாதாரணமாகக் கிட்டாரின் அடிப்பகுதியில் தந்திகளின் முனைகளைப் பிடித்திருப்பது அசையாத ஓர் உலோகக் கட்டை. அதை எடுத்துவிட்டு இதைப் பொருத்த வேண்டும். இதில் தந்திகள் ஓர் உருளையில் மாட்டப்படுகின்றன. உருளையோடு ஒரு நீண்ட கைப்பிடி. கைப்பிடிக்கு அடியில் ஒரு சுருள்வில். கைப்பிடியை வலக்கையால் மெல்ல அழுத்தினால் உருளை திரும்பி, ஆறு தந்திகளும் ஒருசேரத் தளர்ந்து, சுருதி இறங்கும். கையை எடுத்தால் வில் அதைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிடும். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வாசித்தால் சுரம் ஆடும். இடக்கை விரல் செய்ததை வலக்கை செய்யும். விப்ராட்டோ என்று அதற்குப் பெயர். அவள் 'வால்' என்றே சொன்னாள்.

பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது. மரத்தில் எங்கெங்கே துளையிட வேண்டும் என்பதைக் காட்டும் தாள். அவள் அதைக் கிட்டாரின் மீது விரித்துப் பார்த்தாள். பிறகு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

"வேணாம். ஓட்ட போட முடியாது."

"டாக்டர், நாலு சின்ன ஓட்ட. மரத்துக்கு வலிக்காது."

"அது சொல்லுச்சா, வலிக்காதுன்னு?"

"நாள் பூரா பல்லுல ஓட்ட போடறவங்க நீங்க!"

"சொத்தை இருந்தா போடுவேன். இதுல எங்க சொத்தை இருக்கு? காட்டுங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என்கிட்டேர்ந்து ஒன்ன எடுத்தாச்சு. இதுகிட்டேர்ந்தும் எடுக்கணுமா?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துளையிடாமலே வாலைப் பொருத்தும் வழியை அவள் தன் தொழிலிலிருந்தே எடுத்தாள். பழைய கட்டையைத் தாங்கிய இரண்டு திருகாணிக் குழிகள் மரத்தில் ஏற்கெனவே இருந்தன. அந்த இரண்டில் மட்டும் ஊன்றி நிற்கும்படி ஒரு மெல்லிய தகடு. தகட்டின் மேல் வால். அப்படிப்பட்ட தகடுகள் கடையிலேயே கிடைக்கும், தம்பியிடம் சொல்கிறேன் என்றார் நண்பர். இன்னொரு பெட்டி பாரிசிலிருந்து வந்து சேரும் வரை காத்திருக்க அவளுக்கு மனமில்லை. பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவைக் குழைத்து, கிட்டாரின் அடிப்பகுதியில் அப்பி, இறுகியதும் உரித்தெடுத்தாள். அதில் சுண்ணச் சாந்தை ஊற்றி மாதிரி செய்து, கழற்றி மாட்டும் பல்செட்டுகளுக்கு உலோகச் சட்டம் வார்க்கும் பட்டறைக்கு அனுப்பினாள்.

மறுநாள் பட்டறைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டாக்டர், நீங்க அனுப்புன மாடலு... மேல் தாடையா, கீழ் தாடையா?"

"கீழ்."

"பல்லு எத்தன இருக்கு?"

"ஒன்னுகூட இல்ல. ரெண்டு குழிதான்."

"அளவு ரொம்பப் பெருசா இருக்கே டாக்டர்."

"வாய் பெரிய பேஷண்ட்."

"ஆம்பளையா, பொம்பளையா டாக்டர்?"

"அது இன்னும் தெரியல" என்றாள். போனை வைத்துவிட்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

தகடு வந்தது. வெள்ளி போல மெருகேற்றி அனுப்பியிருந்தார்கள். அதன் அடிப்பக்கம் வண்ணப்பூச்சைக் கீறிவிடுமோ என்ற அச்சத்தில், செயற்கை ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பிசினை அவளே அடியில் பூசினாள். திருகாணி நுழையும் குழிகளைச் சுற்றியும் பூசினாள். பூசி, காயவைத்து, பிசிறில்லாமல் தேய்த்தாள். கருஞ்சிவப்புக் கிட்டாரின் அடியில் ஈறு நிறத்தில் ஒரு மெல்லிய விளிம்பு தெரிந்தது. தந்திகள் உரசும் பள்ளங்களைப் பல்லிடுக்கு நூலால் தேய்த்து வழவழப்பாக்கி, பென்சில் கரியையும் தடவினாள். அழுத்தி விட்டால் தந்தி தடையின்றித் திரும்ப வேண்டும் அல்லவா. எல்லாம் முடிந்ததும் கைப்பிடியை அழுத்தி, விட்டு, சுருதி பார்க்கும் கருவியில் முள் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது.

"பாத்தியாண்ணா? நாளைக்கே கழட்டினாலும் ஒரு அடையாளம் இருக்காது."

அந்தச் சனிக்கிழமை நானும் முத்தியால்பேட்டைக்குப் போனேன். கிட்டாரை ஒலிபெருக்கியில் செருகியவுடன் ஈக்கூட்டம் ஒன்று அறைக்குள் புகுந்ததைப் போல இரைச்சல். தந்தியைத் தொட்டால் அடங்க வேண்டிய இரைச்சல், தொட்டும் அடங்கவில்லை.

"ஒங்க வீட்டுக் கரண்டு சரியில்ல" என்றாள்.

"எங்க வீட்டுக் கரண்டு எங்க அப்பா காலத்துலேர்ந்து இதான். ஒங்க கிட்டாரு இதுக்கு முன்னாடி கத்துனதில்ல" என்றார் நண்பர்.

கம்பியை மாற்றினார்கள். ஒலிபெருக்கியை நகர்த்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள்; வேர்த்ததுதான் மிச்சம். திடீரென்று அவள் கிட்டாரைச் சாய்த்துத் தகட்டின் விளிம்பைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். உலோகத் திருகாணி வழியாகத் தந்திகள் பூமி இணைப்போடு தொடர்புகொண்டிருக்க வேண்டும். பல் மருத்துவர் ஒருவர்தான் செய்யக்கூடிய தவறு அது: மரம் நோகாதிருக்க வேண்டும் என்று தகட்டுக்கு ஈறு கட்டி, அந்தத் தொடர்பை முழுவதுமாக அறுத்துவிட்டிருந்தாள்.

"மரத்துப்போற ஊசி போட்டுட்டேன் இதுக்கு. தொட்டா எப்படித் தெரியும்?"

கைப்பையில் இருந்த சிறு கருவியால் குழியோரப் பிசினைக் கொஞ்சம் சுரண்டி உலோகத்தை வெளிக்கொணர்ந்தாள். திருகாணியை முறுக்கினாள். இரைச்சல் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் அவள் ஒரே ஒரு சுரத்தை மீட்டி, உள்ளங்கையால் கைப்பிடியை அழுத்தினாள். அது ஆடியது.

நண்பர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"முன்னாடி மாதிரி இல்லல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

இல்லை என்றேன். எனக்கே அது கேட்டது.

"வெரலு மேல போயிட்டு வரும். இது கீழ போயிட்டு வருது. வந்துடுது இல்ல? போதும்."

தை மாதத்தில், கடலூர் சாலையில் நோணாங்குப்பம் தாண்டிய ஒரு மண்டபத்தில், அவள் அந்த மெட்டை வாசித்தாள். சேலை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தாள். நாற்காலியில் அமர்ந்தே வாசித்தாள். பந்தியில் பாதிப் பேர் கேட்கவில்லை. மணமகள் கேட்டாள். கடைசிச் சுரம் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கரண்டிச் சத்தங்களுக்கு மேலே நின்றது. பிறகு தானாக ஓய்ந்தது.

வெயில் தொடங்குவதற்கு முன் அவள் இறந்தாள். அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. செய்ய வேண்டியவற்றைச் செய்தேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கப்பட்டது. துக்கம் எப்படி இருக்கிறது என்று என் மகன் வெளிநாட்டிலிருந்து கேட்டபோது, வாக்கியம் எதுவும் அமையாமல், இங்கே வெப்பம் இன்னும் கூடவில்லை என்று சொன்னேன்.

கிளினிக்கைக் காலி செய்து கொடுத்தேன். கட்டட உரிமையாளர் அறையைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்துபோனார். "ஒரு ஆணி இல்ல சார் சுவத்துல! ஒரு கீறல் இல்ல. டாக்டரம்மா மாதிரி வாடகைக்கு இருந்தவங்கள நான் பாத்ததே இல்ல. இங்க யாரும் இருந்த மாதிரியே தெரியல" என்றார். அவர் என்னைத் தேற்றுவதற்காகவே அப்படிச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து கீழ்த்தளச் சுவர்களைப் பார்த்தேன். அங்கும் அவ்வாறே இருந்தது.

கிட்டாரைப் பற்றி அவள் சொல்லிவைத்திருந்தாள். "எனக்கப்புறம் வால கழட்டிட்டுப் பழைய கட்டைய மாட்டிடு. வாசிக்கற புள்ள யாருக்காவது குடு. யார் கையும் படாத மாதிரி போய்ச் சேரும்." குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், நன்றாக வாசிப்பதாக நண்பர் சொன்னார். அவளுக்குத் தருவதென்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் தம் கருவிப்பெட்டியுடன் வந்தார். கிட்டாரைக் கூடத்து மேசையில், ஒரு போர்வையின் மேல் கிடத்தினோம். தந்திகளைத் தளர்த்தி, திருகாணிகளை நீக்கி, வாலையும் தகட்டையும் அவர் ஒன்றாகத் தூக்கினார்.

அடியில் ஒன்றும் இல்லை. வண்ணம் கலையவில்லை. கைவிளக்கைப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். தகடு படிந்திருந்த எல்லையைக்கூடச் சொல்ல முடியவில்லை.

"டாக்டர் சொன்ன மாதிரியே. புதுசாட்டம் இருக்கு முசே" என்றார் நண்பர். அவர் குரலில் பெருமிதம் இருந்தது. பழைய கட்டையை எடுக்கக் கையை நீட்டினார்.

"வேண்டாம்," என்றேன். "தகட்டையும் வாலையும் திரும்ப வையுங்கள்."

அவர் வைத்தார். திருகாணிகளை முறுக்கினார். வால் நீளமானது, தகடு குட்டையானது. தகட்டைத் தாண்டி நீண்டிருந்த வாலின் பின்விளிம்பில், தாளில் காட்டிய நான்கில் அவள் பயன்படுத்தாமல் விட்ட இரண்டு துளைகள் இருந்தன. அவற்றின் வழியாக மரம் தெரிந்தது.

"உங்கள் பெட்டியில் துளைப்பான் இருக்கிறதா?"

அவருக்கு உடனே புரிந்தது. "முசே... டாக்டர் ஒத்துக்கவே மாட்டாங்க."

"தெரியும்."

"போட்டா போட்டதுதான். அப்புறம் அடைச்சாலும் தெரியும்."

"ஆமாம்" என்றேன்.

அவர் துளைப்பானை எடுத்து, மெல்லிய அலகு ஒன்றைப் பொருத்தி, மரத்திருகாணிகளைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். கிட்டாரின் உடலை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் வாழ்நாளில் எதிலும் துளையிட்டதில்லை. அலகை முதல் துளையில் ஊன்றிப் பொத்தானை அழுத்தினேன். அது கையில் துள்ளியது. கருஞ்சிவப்பு வண்ணம் பொடியாய்ச் சிதறியது. அதன் பின் வெளிறிய மரத்தூள் சுருள் சுருளாக எழுந்தது. மரத்தின் வாசனை கூடத்தில் பரவியது. அலகை வெளியே எடுத்து, திருகாணியை வைத்து முறுக்கினேன். அதன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"கோணலா போயிடுச்சு முசே" என்று மெதுவாகச் சொன்னார் நண்பர். அவர் கண்கள் நனைந்திருந்தன. "குடுங்க. இன்னொன்ன நான் நேரா போட்டுடறேன்."

நான் துளைப்பானை அவரிடம் தரவில்லை.